உபுண்டுவைக் காணோமா? ஃபார்மட் போடும் முன் இதைச் செய்து பாருங்கள்

விண்டோஸும் உபுண்டுவும் (லினக்ஸில் ஒரு வகை) சேர்ந்திருக்கும் லேப்டாப் பூட் ஆகவில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "ஃபார்மட் போட்டுரலாங்க" என்று சொல்லிவிடுவார்கள். அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எதை முதலில் எழுப்ப வேண்டும் என்ற தகவல் மட்டும் மாறியிருக்கும். பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி, "அண்ணா, உபுண்டுவே காணாமப் போச்சு" என்று கொண்டுவந்த லேப்டாப்பைச் சரிசெய்தபோது குறித்து வைத்தவை இவை. பென் டிரைவில் ஐஎஸ்ஓ ஏற்றவும் டெர்மினல் திறக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஸ்கிரீனில் என்ன வருகிறது?

நேராக விண்டோஸ் வந்துவிட்டால் பயமே வேண்டாம். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பூட் வரிசையில் விண்டோஸ் முதலிடத்துக்கு ஏறிவிடுவது உண்டு. லேப்டாப்பை ஆன் செய்ததும் பூட் மெனு பட்டனைத் தட்டுங்கள். லெனோவோ, டெல், ஏசரில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. ஏசரில் மெனு வரவில்லை என்றால் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) போய் எஃப்12 பூட் மெனுவை எனேபிள் செய்ய வேண்டும். பட்டியலில் உபுண்டு இருந்து, தேர்ந்தெடுத்ததும் திறந்தால், பயாஸில் பூட் ஆர்டருக்குப் போய் உபுண்டுவை மேலே ஏற்றிவிடுங்கள். வேலை முடிந்தது.

கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நின்றால், கிரப் (எந்த சிஸ்டத்தை எழுப்புவது என்று மெனு காட்டும் சின்ன புரோகிராம்) எழுந்துவிட்டது, ஆனால் தன் ஃபைல்கள் எங்கே என்று தெரியாமல் தவிக்கிறது என்று பொருள். சி டிரைவைப் பெரிதாக்கலாம் என்று விண்டோஸுக்குள்ளிருந்து லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்துவிட்டவர்களுக்கும் இதே திரைதான் வரும். அவர்கள் பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்துப் போகலாம். உபுண்டுவைப் புதிதாகத்தான் போட வேண்டும்.

படி 2: பென் டிரைவ்

பூட் ஆகும் பென் டிரைவ் தயாரிக்க எந்த மென்பொருள் என்று கேட்டால், பலரும் ரூஃபஸ் சொல்வார்கள். என் ஓட்டு வென்டாய்க்கு. ஒருமுறை வென்டாய் போட்டுவிட்டால், பிறகு ஐஎஸ்ஓ ஃபைல்களை வெறுமனே காப்பி செய்தால் போதும், ஒவ்வொரு தடவையும் பென் டிரைவைத் துடைக்க வேண்டியதில்லை. அதில் உபுண்டு ஐஎஸ்ஓவோடு சூப்பர் கிரப்2 டிஸ்க் என்ற சின்ன ஐஎஸ்ஓவையும் போட்டு வையுங்கள். வட்டில் இருக்கும் சிஸ்டங்களை அதுவே தேடிக் காட்டும், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே கொண்டுபோய் விடும்.

படி 3: பென் டிரைவிலிருந்து எப்படி எழுப்புகிறீர்கள்?

இந்த இடத்தில்தான் எனக்குப் பாதி ராத்திரி போனது. பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு தடவை தெரியலாம், ஒன்றுக்கு முன்னால் 'யூஇஎஃப்ஐ' என்று இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. யூஇஎஃப்ஐ என்பது புதிய கணினிகள் எழும் முறை, லெகசி என்பது பழைய முறை. உங்கள் உபுண்டு யூஇஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்டிருந்தால் முதலாவதைத்தான் தொட வேண்டும். மற்றதைத் தொட்டாலும் எல்லாம் ஒழுங்காகப் போவது போலவே இருக்கும். உபுண்டு திறக்கும், டெர்மினல் வரும். கிரப்பை நிறுவும்போது மட்டும் 'இஎஃப்ஐ வேரியபிள்கள் இந்த சிஸ்டத்தில் இல்லை' என்ற பொருளில் ஒரு எர்ரர் வந்து நிற்கும். கட்டளையில் தப்பு இருக்காது. லெகசி முறையில் எழுந்த சிஸ்டத்துக்கு மதர்போர்டின் பூட் பட்டியலில் எழுத வழி கிடையாது, அவ்வளவுதான்.

ஆகவே எதையும் நிறுவும் முன், ஃபைல் மேனேஜரில் ரூட் (/) ஃபோல்டருக்குள் 'சிஸ்' ஃபோல்டர், அதற்குள் 'ஃபர்ம்வேர்', அதற்குள் 'இஎஃப்ஐ' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தொடரலாம். இல்லை என்றால் ரீஸ்டார்ட் செய்து மற்ற வரியைத் தேர்ந்தெடுங்கள்.

சரி, சூப்பர் கிரப்2 டிஸ்க்கில் உபுண்டுவைத் தேர்ந்தெடுத்து, இப்போது உங்கள் சொந்த உபுண்டுவுக்குள் வந்துவிட்டீர்கள். டெர்மினலில் (அட்மின் உரிமை தரும்) 'சூடோ' சேர்த்து முதலில் 'கிரப்-இன்ஸ்டால்', அப்புறம் 'அப்டேட்-கிரப்'. வழக்கம்போல ஆங்கில எழுத்தில், இடையில் ஹைஃபனோடு அடியுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் பழைய மெனு வந்துவிடும்.

பழைய லெகசி கணினி என்றால் கிரப்-இன்ஸ்டாலுக்குப் பின்னால் வட்டின் பெயரையும் தர வேண்டும். பார்ட்டிஷன் எண் சேர்க்காமல் முழு வட்டின் பெயர். அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் வந்தது ஞாபகம் இருக்கிறதா? அரூர், பாலக்கோடு பக்கம் சில வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் எந்த முறை என்று பயாஸில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

மெனு வந்தும் விண்டோஸ் இல்லையென்றால்: கிரப் 2.06 முதல் மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பிலேயே அணைந்திருக்கும். 'ஈடிசி' ஃபோல்டரில் 'டீஃபால்ட்', அதற்குள் 'கிரப்' ஃபைல். அதில் ஓஎஸ் ப்ரோபரை டிஸேபிள் செய்யும் வரிக்கு முன்னால் # இருந்தால் எடுத்துவிட்டு, மதிப்பை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். வரியே இல்லையென்றால் எழுதிச் சேருங்கள். மறுபடி அப்டேட்-கிரப்.

உபுண்டுவில் டி டிரைவ் திறந்தும் எதையும் சேமிக்க முடியவில்லையா? விண்டோஸ் முழுதாக அணையவில்லை. அங்கே பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்துங்கள். கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளி ஓடுவது வேறு சங்கதி. வன்பொருள் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் நம் நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வருவது, பூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சேர்ப்பு 1: ஓசூரிலிருந்து ஒருவர், செக்யூர் பூட்டை (நம்பகமான பூட் மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் பயாஸ் அமைப்பு) அணைத்ததும் விண்டோஸ் 48 இலக்க எண் கேட்கிறது என்று எழுதியிருந்தார். அது விண்டோஸ் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீ. பெரும்பாலும் விண்டோஸில் நுழையும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் சேமித்திருக்கும், மொபைலிலேயே எடுக்கலாம். பயாஸில் கை வைக்கும் முன்பே இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று காட்டி லினக்ஸ் எழாமல் நின்ற கணினிகளுக்கும் செக்யூர் பூட்டை அணைப்பதுதான் முதல் படி, ஆகவே இந்த எண் அங்கேயும் தேவைப்படலாம்.

சேர்ப்பு 2: பழைய டெஸ்க்டாப்பில் சரிசெய்த மறுநாளே பிரச்சினை திரும்ப வந்தால் பயாஸில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் இருந்தால் மதர்போர்டில் உள்ள காசு வடிவ சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. ராத்திரி மெயினை அணைத்துவிட்டுப் போகும் கடைகளில் இது சீக்கிரம் தீரும். பேட்டரியை மாற்றி, தேதி, பூட் ஆர்டர், சாட்டா மோடு (வட்டை இணைக்கும் முறை) மூன்றையும் பழையபடி வையுங்கள். கிரப்பைத் தொடவே வேண்டாம்.