ராலி கேம்: முதல் வாரம் காதால் ஓட்டுங்கள்

சர்க்யூட் ரேஸிங்கில் கைதேர்ந்தவர்கூட ராலி கேமைத் தொட்ட முதல் நாள் மரத்தில்தான் போய் நிற்பார். நானும் நின்றேன். மூன்று தடவை, மூன்று தடவையும் அதே மரம். சர்க்யூட்டில் ஒரே பாதையைச் சுற்றிச் சுற்றி வருவதால் பத்துச் சுற்றில் எல்லாம் மனப்பாடமாகிவிடும். ராலியில் பாதை ஒரு முனையில் தொடங்கி இன்னொரு முனையில் முடிந்துவிடும். மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று உங்கள் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து சீட்டில் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் கோ-டிரைவருக்குத் தெரியும். அவர் பேச்சைக் கேட்கப் பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

2019-ல் வந்த டர்ட் ராலி 2.0-வை வைத்துச் சொல்கிறேன். 2023-ல் வந்த இஏ ஸ்போர்ட்ஸ் டபிள்யூஆர்சி வைத்திருப்பவர்களும் இதே வழியில் போகலாம்.

1. செட்டிங்ஸில் ஐந்து நிமிடம்

கோ-டிரைவர் குரலின் ஒலியைக் கூட்டி, எஞ்சின் சத்தத்தையும் இசையையும் குறையுங்கள். அவர் குறிப்பை எவ்வளவு முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று மாற்றும் வசதியும் உண்டு. அதைச் சீக்கிரம் சொல்லும்படி வையுங்கள். கண்ட்ரோலரின் ஸ்டிக்கை லேசாகத் தொட்டாலே வண்டி துள்ளினால் ஸ்டியரிங் லீனியாரிட்டியை ஏற்றுங்கள், நடுப்பகுதி மென்மையாகிவிடும். கியரை இப்போதைக்கு ஆட்டோமேட்டிக்கில் விட்டுவிடலாம். மேனுவல்தான் வேகம் என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் முதல் வாரத்தில் மூளைக்கு அந்த வேலையும் வேண்டாம்.

2. வலுக்குறைந்த வண்டி, அகலமான பாதை

பட்டியலில் நான்கு சக்கர இழுவை கொண்ட பெரிய வண்டிகள் கண்ணைப் பறிக்கும். அவற்றை விட்டுவிட்டு முன்சக்கர இழுவை உள்ள பழைய மினி கூப்பரையோ லான்சியா ஃபுல்வியாவையோ எடுங்கள். இவை மெதுவாகத்தான் போகும், அதனால் யோசிக்க நேரம் கிடைக்கும். வால் கொஞ்சம் ஆடினாலும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முன்சக்கரம் வண்டியை இழுத்து நேராக்கிவிடும். பின்சக்கர இழுவை வண்டியில் அதே இடத்தில் அதே மாதிரி மிதித்தால் பம்பரம்தான்.

இடத்துக்கு நியூசிலாந்து. அங்கே பாதை அகலம், வளைவுகள் ஒன்றோடொன்று இழைந்து போகும். அர்ஜென்டினாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒடுக்கமான பாதை, ஓரமெல்லாம் பாறை.

3. பேஸ் நோட்ஸ்

கோ-டிரைவர் வாசிக்கும் பாதைக் குறிப்புகளுக்குத்தான் இந்தப் பெயர். இங்கே அவசரப்படாதீர்கள். கோ-டிரைவர் சொல்வது மூன்று வகைச் செய்தி: திசை, வளைவின் எண், எச்சரிக்கை. எண் 1 முதல் 6 வரை. 6 என்றால் கிட்டத்தட்ட நேர்பாதை, ஆக்ஸிலரேட்டரை விட வேண்டியதே இல்லை. எண் குறையக் குறைய வளைவு இறுகும். 1-ஐ விடவும் இறுக்கமானது ஹேர்பின், அதாவது கொண்டை ஊசி வளைவு. ஸ்கொயர் என்றால் செங்கோணத் திருப்பம். நடுவே திசை இல்லாமல் 80, 100 என்று வெறும் எண் வந்தால் அது அடுத்த வளைவு வரைக்குமான தூரம், மீட்டரில்.

எச்சரிக்கைச் சொற்களில் நான்கை மட்டும் இப்போது பிடித்துக்கொள்ளுங்கள். ‘டைட்டன்ஸ்’ என்றால் போகப் போக வளைவு இறுகும்; புதியவர்களை அதிகம் கவிழ்ப்பது இதுதான். ‘ஓப்பன்ஸ்’ அதற்கு நேர் எதிர். ‘டோன்ட் கட்’ என்றால் உள்பக்க ஓரத்தை உரசிக் குறுக்கே போகாதே, அங்கே கல்லோ பள்ளமோ இருக்கிறது. ‘ஓவர் கிரெஸ்ட்’ என்றால் மேடு. அதில் ஏறுவதற்குள் ஸ்டிக்கை நேராக்கிவிடுங்கள். சக்கரம் தரையை விட்டு எழும்பிய பிறகு ஸ்டியரிங்கால் ஒன்றும் செய்ய முடியாது.

பழகும் விதம் எளிது. நீளம் குறைந்த ஒரு ஸ்டேஜை, அதாவது தொடக்கம் முதல் முடிவுக் கோடு வரையிலான ஒரு பாதையை எடுத்து, 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டுங்கள். ஒவ்வொரு குறிப்பையும் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். “லெஃப்ட் ஃபோர் டைட்டன்ஸ்” என்று அவர் சொன்னால் நீங்களும் சொல்லுங்கள், பிறகு அந்த வளைவு எப்படி வருகிறது என்று பாருங்கள். வீட்டில் யாராவது விசித்திரமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. ஐந்தாறு தடவை போனதும் 3-க்கும் 4-க்கும் உள்ள வித்தியாசம் கட்டைவிரலுக்கே தெரிய ஆரம்பிக்கும். ஒன்றை மறக்காதீர்கள்: இந்த வளைவில் இருக்கும்போதே அவர் அடுத்ததைச் சொல்லிக்கொண்டிருப்பார். கை ஒரு வளைவிலும் காது அடுத்த வளைவிலும் இருக்க வேண்டும்.

டர்ட் ராலி 2.0-வில் ஆங்கிலத்தில் பேசுபவர் ஃபில் மில்ஸ், 2003-ல் பெட்டர் சோல்பெர்க்குடன் உலக ராலி சாம்பியன் பட்டம் வென்ற அசல் கோ-டிரைவர். 1998-ல் வந்த முதல் காலின் மெக்ரே ராலி கேமிலும், ராலி வீரர் மெக்ரேயின் நிஜக் கோ-டிரைவர் நிக்கி கிரிஸ்ட்தான் குரல் கொடுத்தார். ஓட்டுபவருக்கு எந்த நொடியில் எது தேவை என்பது இவர்களுக்குத் தெரியும், நம்பலாம்.

4. பிரேக் முன்னால், திருப்பம் பின்னால்

சரளைக் கல்லில் டயருக்குப் பிடிப்பு குறைவு. தார் ரோட்டில் நிற்பதை விட வண்டி நிற்க அதிக தூரம் வேண்டும். ஆகவே வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிடுங்கள். பிரேக் அழுத்தும்போது வண்டியின் எடை முன்னுக்குச் சாயும், முன் டயர் மண்ணை இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பிடிப்பு இருக்கும்போதே திருப்பினால் வண்டி சொன்னபடி கேட்கும். பிரேக் ட்ரிகரை எலுமிச்சம்பழம் பிழிவது போலப் படிப்படியாக அழுத்துங்கள். டபக்கென்று முழுக்க அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் திரும்பாது, வண்டி நேரே காட்டுக்குள் போகும்.

வளைவின் நடுவில் “வேகமாக வந்துவிட்டோமே” என்று தோன்றினால் ஸ்டிக்கை இன்னும் முறுக்காதீர்கள். கொஞ்சம் தளர்த்தி, ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், முன் டயர் மறுபடி பிடிக்கும். இது உள்ளுணர்வுக்கு நேர் எதிரானது. எனக்கு வசப்படவே நாலைந்து நாள் ஆனது.

5. ஹேண்ட்பிரேக் கொண்டை ஊசிக்கு மட்டும்

முதல் அல்லது இரண்டாம் கியர் வேகத்துக்கு இறங்குங்கள், திருப்பத் தொடங்குங்கள், ஹேண்ட்பிரேக்கை ஒரு கணம் இழுத்து விடுங்கள், வால் வீசியதும் ஆக்ஸிலரேட்டர். ஒரு கணம் போதும். பிடித்துக்கொண்டே இருந்தால் வந்த வழியைப் பார்த்து நிற்பீர்கள். ஸ்காண்டிநேவியன் ஃப்ளிக் (வளைவுக்கு முன் எதிர்ப்பக்கம் ஒரு வெட்டு வெட்டி வாலை வீசும் வித்தை) பற்றிக் கேட்பவர்களுக்கு: இந்த மாதம் வேண்டாம்.

6. ரீஸ்டார்ட் பொத்தானை மறந்துவிடுங்கள்

மோதியதும் கை தானாக மெனுவுக்குப் போகும். போனால் முதல் இரண்டு கிலோமீட்டரை மட்டும் பிரமாதமாக ஓட்டத் தெரிந்தவராகவே இருந்துவிடுவீர்கள். டயர் பஞ்சரானாலும் ஹெட்லைட் போனாலும் முடிவுக் கோடு வரை உருட்டிக்கொண்டு போங்கள். ஆட்டத்தில் வண்டியைப் பாதைக்குத் திருப்பிவைக்கும் வசதி உண்டு, அதற்கு நேரத் தண்டனையும் உண்டு. இரண்டு ஸ்டேஜுக்கு நடுவே வரும் சர்வீஸில் பழுது பார்க்கவும் அளந்த நிமிடங்கள்தான்; ரேடியேட்டரையும் டயரையும் முதலில் பாருங்கள், பம்பர் தொங்கினால் தொங்கட்டும்.

ஒரு முழு ஸ்டேஜை ஒரே ஒரு தடவை கூடப் பாதையை விட்டு விலகாமல் முடித்த பிறகு ஃபோர்டு எஸ்கார்ட் மார்க் 2-வுக்கு மாறுங்கள். பின்சக்கர இழுவை. முதல் வளைவிலேயே சுழலும்.