நித்தியகல்யாணியை வளருங்கள், கஷாயம் மட்டும் வேண்டாம்

இங்கே மொரீஷியசில், ரோஸ் ஹில் பக்கம் எங்கள் வாசலிலும் நித்தியகல்யாணி பூக்கிறது. அதன் தாய்மண் மடகாஸ்கர். நல்ல வெயில், தண்ணீர் தேங்காத மண், அவ்வளவு போதும்.

ஆனால் சர்க்கரைக்கு நல்லது என்று இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்காதீர்கள். 1950களில் கனடாவில் இதே நம்பிக்கையைச் சோதிக்க எலிகளுக்கு இலைச்சாற்றைக் கொடுத்தார்கள். வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை அசையவே இல்லை, ஊசியாகப் போட்டபோதோ ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்து, நோய்த்தொற்றில் எலிகள் செத்தன. அப்படி இந்தச் செடியிலிருந்து கிடைத்த ஆல்கலாய்டுதான், அதாவது செடியில் உண்டாகும் வீரியமான வேதிப்பொருள்தான், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. இதே செடியிலிருந்து அப்புறம் வந்த வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முக்கிய மருந்து, அதையும் துல்லியமாக அளந்து ரத்தக்குழாயில்தான் ஏற்றுவார்கள். கஷாயத்தில் எவ்வளவு இறங்கியது என்று யார் அளப்பது?

என் அத்தை தினமும் காலையில் ஐந்து பூ மென்றுவந்ததை டாக்டரிடம் சொல்லவே இல்லை, கேட்டதும் எனக்குத் திக்கென்றது.

செடியைக் கிள்ளினால் கையைக் கழுவுங்கள், ஆடுகளும் குழந்தைகளும் எட்டாத இடத்தில் வையுங்கள். ஏற்கெனவே குடித்துவிட்டீர்களா? காய்ச்சல், வாந்தி, கை கால் மரத்துப்போவது எதுவானாலும் ஒரு கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், சர்க்கரை மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.