பெரிய கோப்பை வாங்காத கிளப்பின் வரலாற்றைத் தேடிப் படிப்பது எப்படி?

புதுச்சேரி முதலியார்பேட்டையில் எங்கள் தெருப் பையன்களிடம் இங்கிலாந்து கால்பந்து பற்றிக் கேட்டால் லிவர்பூல், ஆர்சனல், செல்சி என்று கடகடவென்று ஒப்பிப்பார்கள். அந்த நாட்டு லீக்கில் மொத்தம் 92 கிளப்புகள் இருக்கின்றன. பிரீமியர் லீக்கில் 20. அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மூன்று படிகள், படிக்கு 24. அதற்கும் கீழே நேஷனல் லீக், பிறகு வட்டார லீக்குகள் என்று இறங்கிக்கொண்டே போகும். அடிப்படியில் கிடக்கும் கிளப்புக்கு என்ன பெரிய வரலாறு என்று பலர் கேட்கிறார்கள். ஒரு ஊர் எப்படிப் பிழைத்தது, எப்போது நொடித்தது, யார் விடாமல் பிடித்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெளிவாகத் தெரியும். அதை எப்படித் தேடுவது என்று அக்ரிங்டன் ஸ்டான்லி என்ற ஒரே கிளப்பை வைத்துச் சொல்கிறேன். வழி பிடிபட்டால் வேறு எந்தக் கிளப்புக்கும் பொருந்தும்.

முதலில் பெயரைச் சரிபாருங்கள். 1888-ல் கால்பந்து லீக்கைத் தொடங்கிய 12 கிளப்புகளில் அக்ரிங்டன் ஒன்று. இதைப் பார்த்ததும் ஸ்டான்லிதான் அது என்று எழுதிவிடுகிறார்கள். அது வேறு கிளப். அந்தப் பழைய அக்ரிங்டன், 1893-ல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டி வந்தபோது லீக்கை விட்டே விலகியது, 1896-ல் கலைந்தது. ஸ்டான்லி 1891-ல் ஸ்டான்லி வில்லா என்ற பெயரில், அக்ரிங்டன் ஊரின் ஸ்டான்லி தெருவை ஒட்டிப் பிறந்தது. லீக்குக்குள் நுழைந்தது 1921-ல், மூன்றாம் டிவிஷன் வடக்குப் பிரிவில். அந்தக் கிளப்பும் 1966-ல் மூடப்பட்டு, இப்போது இருப்பது 1968-ல் திரும்ப அமைத்தது. ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் பெயர், தொடக்கம், முடிவு, மைதானம் என்று கோடு போட்டு, இந்த மூன்று கிளப்புகளையும் மூன்று வரியாக எழுதிவையுங்கள். இதைச் செய்யாமல் மேலே போனால் பின்னால் எல்லாம் குழம்பும்.

அப்புறம் புள்ளிப்பட்டியல். கதைகளைப் படிக்கும் முன் இதைப் படிப்பதுதான் நல்லது. வெற்றி, தோல்வி, கோல் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஆண்டும் எத்தனை அணிகள், ஒவ்வொன்றும் எத்தனை ஆட்டங்கள் என்று மட்டும் எண்ணிக்கொண்டே வாருங்கள். கணக்கு எங்கே உதைக்கிறதோ அங்கேதான் வரலாறு இருக்கிறது.

1961-62 நான்காம் டிவிஷன் (இன்றைய லீக் டூ படி) பட்டியலை எடுத்துப் பாருங்கள். 24 அணிகள் இருக்க வேண்டிய இடத்தில் 23 இருக்கும். ஆளுக்கு 46 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். 44 என்று இருக்கும். இருபத்து நான்காவது அணி ஸ்டான்லி. அந்த சீசனில் 33 ஆட்டங்கள் ஆடியிருந்தார்கள். 1962 மார்ச் 2 அன்று க்ரூ என்ற ஊரில் 4-0 என்று தோற்றார்கள். அடுத்த சில நாட்களில் நிர்வாகம் விலகல் கடிதம் அனுப்பியது. பிறகு மனம் மாறி அதைத் திரும்பப் பெறக் கேட்டபோது லீக் சம்மதிக்கவில்லை. அந்த 33 ஆட்டங்களின் முடிவுகளும் பட்டியலிலிருந்து அடியோடு நீக்கப்பட்டன. அடித்த கோல்கூடக் கணக்கில் இல்லை. இதை முதல்முறை படிக்கும்போது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இப்போது ‘ஏன்’ என்று கேளுங்கள். கடன் என்று ஒரே சொல்லில் பதில் கிடைக்கும். அதோடு திருப்தி அடையாதீர்கள். கிளப்பை மட்டும் பார்க்காமல் பக்கத்து ஊர்களையும் பாருங்கள். அக்ரிங்டன் வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயரில், பிளாக்பர்னுக்கும் பர்ன்லிக்கும் நடுவில் இருக்கும் சின்ன ஊர். இரண்டு பக்கமும் பத்து கிலோமீட்டருக்குள்தான். 1960-ல் பர்ன்லி இங்கிலாந்து சாம்பியன். அதே ஆண்டு பிளாக்பர்ன் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் வரை போனது. அதே ஆண்டு ஸ்டான்லி மூன்றாம் டிவிஷனிலிருந்து நான்காம் டிவிஷனுக்கு இறங்கியது. பஸ் ஏறினால் முதல் தர ஆட்டம் பார்க்கலாம் என்றால் சனிக்கிழமை ஜனம் எங்கே போகும்? இதோடு 1958-ல் வடக்கு, தெற்கு என்று இருந்த கீழ் டிவிஷன்களை நாடு முழுவதற்குமாக மாற்றினார்கள். பயணச் செலவு ஏறியது. 1961-ல் ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு இருந்த வாரம் 20 பவுண்டு உச்சவரம்பை எடுத்தார்கள். பெரிய கிளப்புக்கு அது சுதந்திரம். வாசல் வசூலை நம்பிப் பிழைக்கும் கிளப்புக்கு அது இன்னொரு சுமை.

பணத்தைத் தேடும்போது மொத்தக் கணக்கில் தலையை விடாமல் ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டான்லிக்கு அந்தப் பொருள் ஒரு பார்வையாளர் மாடம். 1958-ல் ஆல்டர்ஷாட்டில் ராணுவக் காட்சிக்குப் போட்டிருந்த பழைய மாடத்தை 1,450 பவுண்டுக்கு வாங்கினார்கள். அன்றைய மாற்று விகிதம் பவுண்டுக்கு 13 ரூபாய் 33 காசு. நம் பணத்தில் ஏறக்குறைய 19,000 ரூபாய். கேட்க மலிவுதான். ஆனால் அதைப் பிரிக்க வேண்டும், தெற்கு இங்கிலாந்திலிருந்து வடக்கே ஏற்றிவர வேண்டும், பீல் பார்க் மைதானத்தில் மறுபடி நிறுத்த வேண்டும். அந்தச் செலவு வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு ஆனது. நம் ஊரில் பழைய வீட்டுக் கதவு, தூண் வாங்கிக் கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம். நிர்வாகத்தார் ஊர்மேல் அக்கறை உள்ளவர்கள்தான். மைதானம் நன்றாக இருந்தால் ஜனம் வரும் என்று நம்பினார்கள். அதையும் சேர்த்து எழுதுங்கள். கடன் தொகையை மட்டும் எழுதினால் அவர்களுக்கு அநியாயம் செய்ததாகும்.

ஊரின் தொழிலை விட்டுவிடாதீர்கள். என் அப்பா ரோடியர் மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தவர், அதனால் எனக்கு இந்தப் பகுதியில் ஈடுபாடு கொஞ்சம் அதிகம். அக்ரிங்டன் பஞ்சாலை ஊர். அங்கே ஹோவர்ட் அண்ட் புல்லோ என்ற கம்பெனி நூற்பு எந்திரங்கள் செய்து உலகம் முழுக்க ஏற்றுமதி செய்தது. எங்கேயாவது பழைய ரிங் ஃப்ரேம் நூற்பு எந்திரத்தைப் பார்த்தால் பக்கத்து இரும்பில் வார்த்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். லங்காஷயர் ஊர்ப்பெயர் இருந்தாலும் இருக்கும். பஞ்சுத் தொழில் சரிந்தபோது அந்த ஊர்க் கிளப்பும் சரிந்ததை, சுதேசி, பாரதி, ரோடியர் மில்களைச் சுற்றி வளர்ந்த நமக்குச் சட்டென்று புரியும்.

முதல் உலகப் போரையும் பாருங்கள். 1916 ஜூலை 1 அன்று பிரான்சில் செர் என்ற கிராமத்தின் முன்னால், அக்ரிங்டன் பால்ஸ் என்று அழைக்கப்பட்ட படைப்பிரிவிலிருந்து சுமார் 700 பேர் முன்னேறினார்கள். 584 பேர் செத்தோ, காயம்பட்டோ, காணாமலோ போனார்கள். ஒரே வட்டாரத்து இளைஞர்கள், சேர்ந்து பேர் கொடுத்தவர்கள். அந்தப் போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கு நம் கடற்கரைச் சாலையில் நினைவுச்சின்னம் இருக்கிறது. அங்கே போய் ஒருமுறை நின்றுவிட்டு வந்து இந்த எண்ணை எழுதுங்கள். சின்ன ஊரில் 1919-க்குப் பிறகு யார் பந்து ஆடியிருப்பார்கள் என்ற கேள்வி தானாக வரும்.

திரும்பி வந்த கதை பலருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1968-ல் திரும்ப அமைத்த கிளப் 1970-ல் கிரவுன் மைதானத்தில் உள்ளூர் லீக்கிலிருந்து ஆரம்பித்தது. 1999-ல் ஜான் கோல்மன் மேலாளரானார். 2006-ல் கான்ஃபரன்ஸ் (இன்றைய நேஷனல் லீக்) சாம்பியனாகி லீக்குக்குத் திரும்பினார்கள். 1962-ல் ஸ்டான்லி விட்டுப்போன இடம் ஆக்ஸ்ஃபோர்ட் யுனைடெட்டுக்குக் கிடைத்திருந்தது. 2006-ல் ஸ்டான்லி ஏறிய அதே சமயம் லீக்கிலிருந்து இறங்கிய அணிகளில் ஒன்று அதே ஆக்ஸ்ஃபோர்ட். 2018-ல் லீக் டூ சாம்பியன். 2023-ல் லீக் ஒன்னிலிருந்து மறுபடி இறக்கம்.

ஒரு எச்சரிக்கை. 1986-87 சீசனுக்கு முன் லீக்குக்குள் வருவதும் போவதும் லீக் கிளப்புகளின் ஓட்டெடுப்பில்தான். கீழ் லீக்கில் முதலிடம் பிடித்தாலே மேலே போய்விடலாம் என்று அந்தக் காலத்துக்கு எழுதாதீர்கள்.

நம் ஊரிலிருந்து இதைச் செய்ய ஒரு போனும் நோட்டும் போதும். பட்டியல்கள் இணையத்தில் இலவசம். பழைய பிரிட்டிஷ் செய்தித்தாள்களின் படிகள் காசு கட்டினால் கிடைக்கும். முதலிலேயே கட்டாதீர்கள், எந்த வாரச் செய்தி வேண்டும் என்று பட்டியலை வைத்து முடிவு செய்த பிறகு ஒரு மாதத்துக்குக் கட்டுங்கள். ஊர்களின் தூரத்தை வரைபடத்தில் அளந்து எழுதுங்கள். கிளப் இன்றும் ஆடுகிறதென்றால் முடிவுகளையும் தொடருங்கள். அங்கே சனிக்கிழமை மதியம் 3 மணி ஆட்டம் நமக்குக் கோடையில் இரவு 7:30, குளிர்காலத்தில் 8:30.

எழுதி முடித்ததும் இதே நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி, உப்பளம் மைதானத்தில் ஆடிய உங்கள் தெரு அணியின் பெயரை எழுதுங்கள். அதே கேள்விகள்தான்: எப்போது தொடங்கியது, எந்த மில் ஆட்கள் ஆடினார்கள், பந்தும் பூட்ஸும் யார் காசில் வந்தன, எந்த ஆண்டு நின்றது. பழைய குழுப் படம் கிடைத்தால், அதில் இருக்கும் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கேட்டுப் படத்தின் பின்னால் பென்சிலில் எழுதிவிடுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும்.