ஓபன்சீஸ்பை: நோடு இடப்பெயர்ச்சியை வரைபடமாக்குவது

கட்டமைப்புகளின் அசைவைக் கணக்கிடும் பைதான் நூலகம் ஓபன்சீஸ்பை. அதில் ஒரு நோடு (சட்டகத்தின் கணுப்புள்ளி) நகர்ந்த வரைபடம் கோணலாக வந்தால் பலர், கோடு வரையும் மேட்பிளாட்லிப் வரிகளையே மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் முடிவுகளைப் பதியும் ரெக்கார்டர் எழுதிய ஃபைலில்தான் இருக்கும்.

மூன்று மாடி இருபரிமாணச் சட்டகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாடிக்கு 3 மீட்டர் உயரம். அடியில் நோடு 1, மேலே 2, 3, 4. 1940 எல் சென்ட்ரோ நிலநடுக்கப் பதிவை 0.02 விநாடி இடைவெளியில் 2000 படிகள் ஓட்டுகிறோம்.

நோடு ரெக்கார்டரில் ‘-டைம்’ தெரிவைக் கட்டாயம் சேருங்கள். நோடுகள் 2, 3, 4. டிஓஎஃப் (நகரும் திசை) 1, அதாவது கிடைமட்டம், மட்டும். அனாலிசிஸ் தொடங்குமுன் இது மாடலில் இருக்க வேண்டும். ஆனால் கிராவிட்டி (எடைச் சுமை) கணக்குக்கு முன்பே வைத்துவிட்டால் வேறு வம்பு. கிராவிட்டியை 0.1 வீதம் 10 படிகளில் ஏற்றினால் அந்தப் படிகளும் ஃபைலில் ஏறும். பிறகு நேரத்தை 0-க்குத் திருப்பும்போது வரைபடக் கோடு 1 வரை போய், பின்னோக்கி 0-க்குத் தாவி, மறுபடி வலப்பக்கம் கிளம்பும். சுமையை நிலைநிறுத்தி நேரத்தைத் திருப்பும் ‘லோட்கான்ஸ்ட்’ வரிக்குக் கீழே ரெக்கார்டரை வையுங்கள், தீர்ந்தது.

ஓட்டம் முடிந்ததும், மாடலை அழித்து ஃபைலை மூடும் ‘வைப்’ கட்டளை கொடுத்த பிறகே ஃபைலைப் படியுங்கள். அதுவரை கடைசி வரிகள் பஃபரிலேயே (தற்காலிக நினைவகத்தில்) தங்கியிருக்கலாம். சிறிய மாடலில் ஃபைல் வெறுமையாகவே தெரியும்.

நம்பை (பைதானின் எண் நூலகம்) தரும் ‘லோட்டெக்ஸ்ட்’ மூலம் படித்தால் 4 நெடுவரிசைகள் கிடைக்கும்: 0 நேரம், 1, 2, 3 முறையே நோடு 2, 3, 4. டிஓஎஃப் 1, 2 இரண்டையும் கேட்டிருந்தால் 7 வரும். நோடு 3-இன் கிடைமட்ட நகர்வு அப்போது நெடுவரிசை எண் 3-இல் இருக்கும், 2-இல் அல்ல. இங்கே தவறினால் செங்குத்து நகர்வை வரைந்துவிட்டு, கட்டடம் அசையவே இல்லையே என்று வியப்பீர்கள்.

கிடை அச்சில் நேர நெடுவரிசையையே போடுங்கள். வரிசை எண்ணை 0.02-ஆல் பெருக்காதீர்கள்: கன்வர்ஜென்ஸுக்காக (கணக்கு ஒரு விடையில் குவிவதற்காக) நேரப் படியைக் குறைத்திருந்தால் அலை நீண்டுபோகும். கடைசி நேரம் 40 விநாடியா என்றும் பாருங்கள். 11-இல் நின்றுபோன அனாலிசிஸும் அழகான வரைபடம் தரும். மீட்டரில் மாடல் செய்திருந்தால் 1000-ஆல் பெருக்கி மில்லிமீட்டராக்குங்கள்.

மாடி டிரிஃப்டுக்கு (மாடி உயரத்துக்கு எவ்வளவு சாய்வு என்ற விகிதம்) மேல் நோடின் நகர்விலிருந்து கீழ் நோடினதை நேரத்துக்கு நேரம் கழித்து, 3-ஆல் வகுத்து, அதன் பிறகே தனி மதிப்பின் உச்சத்தை எடுங்கள். இரு மாடிகளின் உச்சங்களைக் கழிப்பது தவறு. அவை ஒரே கணத்தில் வருவதில்லை. சீரான நில அசைவில் (அடி முழுவதும் ஒரே அசைவு) இடப்பெயர்ச்சிகள் அடித்தளத்தைச் சார்ந்தவை என்பதால், முதல் மாடிக்கு நோடு 2-இன் மதிப்பே போதும்.

முடுக்கமும் அப்படியே சார்பாகத்தான் வரும். முழு முடுக்கம் வேண்டுமானால் ரெக்கார்டரில் ‘-டைம்சீரீஸ்’ தெரிவுடன் நில அசைவுக்கான டைம்சீரீஸின் டேகை (அடையாள எண்ணை) கொடுங்கள், g அலகை மீட்டருக்கு மாற்றும் 9.81 பெருக்கம் அந்தச் சீரீஸுக்குள்ளேயே இருக்கட்டும். சரிபார்க்க நோடு 1-ஐயும் பதியுங்கள்: எல் சென்ட்ரோ பதிவே அச்சுப் பிசகாமல் திரும்பி வர வேண்டும். நேர்க்கோடாக 0 வந்தால் தெரிவு ஏறவில்லை.