அலுவலகத்துக்கும் கரடுமுரடுப் பாதைக்கும் ஒரே வண்டி: காம்பாக்ட் எஸ்.யு.வி. தேர்ந்தெடுக்கும் முறை

ஷோரூமுக்குப் போவதற்கு முன், அந்த வண்டி போகப்போகும் பாதைகளிலேயே மோசமான இடத்துக்கு ஓர் அளவு நாடாவோடு போய் வாருங்கள். சக்கரத் தடங்களுக்கு நடுவே மேடு எத்தனை மில்லிமீட்டர் எழும்பியிருக்கிறது, கல் எவ்வளவு உயரம், ஏற்றத்தில் சரளை எவ்வளவு உருள்கிறது, ஓடையில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வண்டியை இரண்டு வேலைக்கும் வாங்குபவர்களில் பலர் ஏமாறுவது இங்கேதான். தேவைக்கு மீறிய வண்டியை வாங்கி வருடம் முழுக்க அலுவலகப் பாதையில் அவதிப்படுவார்கள். இல்லையென்றால் பெயர்ப்பலகையை நம்பி வாங்கி, முதல் சேற்றிலேயே நிற்பார்கள்.

உங்கள் பாதை மண் சாலை, சரளை, அங்கங்கே பள்ளம் என்ற அளவில் இருந்தால் 180 மி.மீ. தரை இடைவெளியும் நல்ல டயரும் போதும். முன்சக்கர இயக்கமே தாங்கும். ஈரமான ஏற்றம், மணல், வழுக்கும் சேறு இருந்தால் நான்கு சக்கர இயக்கமும் 200 மி.மீ.க்கு மேல் இடைவெளியும் வேண்டும். பாறைப்படி ஏறுவது, ஆழமான தடங்களில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்குவது என்றால் லோ ரேஞ்ச் கியர் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கூடுதல் கியர்) உள்ள வண்டி மட்டுமே சரி. பெரும்பாலானவர்கள் நடு வகையில்தான் இருப்பார்கள்.

தரை இடைவெளி: ஒரே எண்ணை நம்ப வேண்டாம்

விளம்பரத்தில் போடும் எண், பெரும்பாலும் ஆளும் சுமையும் இல்லாத வண்டியை அளந்தது. நான்கு பேரும் பெட்டிகளும் ஏறினால் 30 முதல் 40 மி.மீ. வரை இறங்கிவிடக்கூடும். ஷோரூமில் குனிந்து எது கீழே தொங்குகிறது என்று பாருங்கள். சைலன்சர் குழாய், ஆயில் சம்ப் (எஞ்சின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி), பின் டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரப் பெட்டி), கீழ் கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) இவைதான் வழக்கமாக அடிவாங்கும். அடியில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தட்டு காற்றோட்டத்துக்கும் சேறு தெறிக்காமல் இருப்பதற்கும்தான். கல்லில் இடித்தால் அது சம்பைக் காக்காது. உலோக சம்ப் கார்டு அந்த மாடலுக்குக் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

இடைவெளி எங்கே அளக்கப்பட்டது என்பதும் முக்கியம். சுசுகி ஜிம்னியின் தற்போதைய தலைமுறைக்கு 210 மி.மீ. என்கிறார்கள். அது ஆக்சில் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டைக்குக் கீழே உள்ள அளவு. வண்டியின் வயிறு அதைவிட நன்றாக உயரத்தில் இருக்கிறது. சுபாரு ஃபாரஸ்டருக்கு 220 மி.மீ. எண்ணில் அது பெரியது, ஆனால் சக்கர அச்சுகளுக்கு நடுவே வயிறு தாழ்ந்திருப்பதால் கூரான மேட்டில் முதலில் தட்டுவது ஃபாரஸ்டர்தான். ஆக்சில் உருண்டையைக் கல்லுக்குப் பக்கவாட்டில் ஒதுக்கி ஓட்டலாம், வயிற்றை அப்படி ஒதுக்க முடியாது.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. நடு வயிற்றின் உயரத்தை இரட்டிப்பாக்கி, அதை முன் பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரத்தால் வகுத்து, அதன் ஆர்க் டேன் (கால்குலேட்டரில் tan⁻¹) கோணத்தை இரட்டிப்பாக்கினால், மேட்டைக் கடக்கும் கோணம் கிட்டத்தட்ட கிடைக்கும். 200 மி.மீ. உயரமும் 2,600 மி.மீ. அச்சுத் தூரமும் என்றால் சுமார் 17.5 டிகிரி. வயிற்றை 20 மி.மீ. உயர்த்தினால் 19 டிகிரிக்குச் சற்று மேல். அச்சுத் தூரத்தில் 200 மி.மீ. குறைத்தாலும் ஏறத்தாழ அதே பலன்தான். இந்தக் கோணத்தை நிறுவனங்கள் பல வேளை வெளியிடுவதே இல்லை. நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

முன் கோணம், அதாவது பம்பர் தட்டாமல் ஏறக்கூடிய சரிவின் கோணம், பம்பரைப் பொறுத்தது. ஒரே மாடலில்கூட விலை கூடிய வகைக்கு அழகுக்காகத் தாழ்ந்த பம்பர் வைத்திருப்பார்கள். 25 டிகிரிக்குக் கீழே போனால் ஓடைக்கரையில் ஏறும்போது பம்பரின் கீழ் உதடு கழன்றுவிடக்கூடும்.

நான்கு சக்கர இயக்கம்: பெயர் ஒன்று, வேலை வேறு

இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது, தேவைப்படும்போது மட்டும் பின்சக்கரத்துக்கு விசை அனுப்பும் முறை. பின் ஆக்சிலுக்கு முன்னால் பல தட்டுகள் கொண்ட ஒரு கிளட்ச் இருக்கும். கணினி அதை இறுக்கும், தளர்த்தும். மழைச்சாலைக்கு இது அருமை, நீங்கள் எதையும் அழுத்த வேண்டியதில்லை. இதன் பலவீனம் சூடு. ஆழமான மணலில் தொடர்ந்து சக்கரம் சுழன்றால் அந்தத் தட்டுகள் கொதிக்கும். தன்னைக் காத்துக்கொள்ளக் கணினி பின்சக்கரத்தைத் துண்டித்துவிடும். மிகவும் தேவையான நேரத்தில் நீங்கள் முன்சக்கர வண்டியோடு நிற்பீர்கள். ஆகவே அந்த கிளட்சை இறுக்கியே வைக்கும் 'லாக்' பொத்தான் உள்ள வகையைத் தேர்ந்தெடுங்கள். தடங்கலுக்குள் நுழையும் முன்பே அதை அழுத்த வேண்டும், புதைந்த பிறகு அழுத்திப் பயன் குறைவு. குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் லாக் தானாக விடுபடும். அது எந்த வேகம் என்று கையேட்டில் பாருங்கள்.

ஜிம்னியில் இருப்பது பகுதிநேர முறை. சாதாரணமாகப் பின்சக்கரம் மட்டும் இயங்கும், லீவரை மாற்றினால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட முடியாது. ஸ்டீயரிங் இறுகும், பற்சக்கரங்கள் முறுக்கேறும், நாளடைவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன்னும் பின்னும் பிரிக்கும் பெட்டி) கெடும். பாறையிலும் மணலிலும் இது சூடாகிக் கைவிடாது. ஆனால் தார்ச்சாலை அங்கங்கே நனைந்தும் காய்ந்தும் இருக்கும் மழைக்காலத்தில், தினசரி அலுவலகப் பயணத்துக்கு இதன் நான்கு சக்கர இயக்கத்தால் உதவி இல்லை. இரண்டையும் ஒரே வண்டியில் எதிர்பார்ப்பவர்கள் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். மழைச்சாலைப் பயணம் வருடத்தில் அதிகமா, பாறை ஏற்றம் அதிகமா?

நடு டிஃபரன்ஷியலும் அதற்குப் பூட்டும் லோ ரேஞ்சும் சேர்ந்த வண்டி இரண்டுக்கும் பொருந்தும். லாடா நிவாவும், 2005-ல் வந்த தலைமுறை சுசுகி கிராண்ட் விட்டாராவின் சில வகைகளும் அப்படிப்பட்டவை. பழைய வண்டி வாங்கத் தயங்காதவர்கள் தேடிப் பார்க்கலாம். கிராண்ட் விட்டாரா என்ற அதே பெயரில் பின்னால் வந்த வண்டியில் லோ ரேஞ்ச் இல்லை. பெயரைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

ஹைபிரிட் வண்டிகள் சிலவற்றில் பின்சக்கரத்தைச் சிறிய மின்மோட்டார் மட்டும் இயக்கும். டொயோட்டா ராவ்4 ஹைபிரிட் அப்படித்தான். ஈரச்சாலைக்குப் போதும். நீண்ட, மெதுவான, செங்குத்தான ஏற்றத்தில் அந்த மோட்டாரின் அளவுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

எந்த முறையானாலும், ஒரு சக்கரம் காற்றில் தொங்கும்போது சாதாரண டிஃபரன்ஷியல் விசையை அந்தச் சக்கரத்திலேயே வீணடிக்கும். அப்போது டிராக்‌ஷன் கன்ட்ரோல் சுழலும் சக்கரத்துக்கு பிரேக் போட்டு விசையை மறுபக்கம் தள்ளும். இதற்கு ஓரிரு நொடி பிடிக்கும். சக்கரம் சுழல்கிறதே என்று பயந்து ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் வேலை நின்றுபோகும். ஒரே அளவில் மெல்ல அழுத்திப் பிடித்திருங்கள். மணலில் நிலைமை தலைகீழ். அங்கே கணினி எஞ்சின் சக்தியைக் குறைத்து வண்டியைப் புதைக்கும். அதனால் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைக்க ஒரு பொத்தான் இருக்கிறதா, முழுதாக அணைகிறதா என்று சோதியுங்கள்.

கியரும் எஞ்சினும்

வண்டி எவ்வளவு மெதுவாக ஊர முடியும் என்பதற்கு ஒரு எண் உண்டு. முதல் கியர் விகிதத்தை இறுதி விகிதத்தாலும் (டிஃபரன்ஷியலில் உள்ள விகிதம்), லோ ரேஞ்ச் இருந்தால் அதன் விகிதத்தாலும் பெருக்குங்கள். ஐந்து கியர் மேனுவல் ஜிம்னிக்கு 4.425, 4.090, 2.002 மூன்றையும் பெருக்கினால் சுமார் 36. எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்றில் ஓடினால் வேகம் மணிக்கு 3.6 கி.மீ., நடையைவிட மெதுவு. லோ ரேஞ்ச் இல்லாத வண்டிக்கு இந்த எண் 16 என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 8 கி.மீ. பாறையில் அது வேகம் அதிகம். ஆகவே ஓட்டுநர் கிளட்சைப் பாதி அழுத்தியபடியே ஓட்டுவார், கிளட்ச் கருகும். டேசியா டஸ்டரின் மேனுவல் ஃபோர் வீல் டிரைவ் வகைகள் பலவற்றில் இதற்காகவே முதல் கியர் விகிதத்தை மிகப் பெரியதாக வைத்து, 1,000 சுற்றில் மணிக்குச் சுமார் 5.8 கி.மீ. வேகத்துக்கு இறக்கியிருந்தார்கள். விலை குறைந்த, புத்திசாலித்தனமான தீர்வு.

ஆட்டோமேட்டிக் என்றால் டார்க் கன்வெர்ட்டர் வகையே முதல் தேர்வு. நின்ற இடத்திலிருந்து இழுக்கும்போது அதுவே திருகுவிசையைப் பெருக்கித் தரும். சி.வி.டி. (படிகள் இல்லாமல் விகிதம் மாறும் கியர்) நகருக்கு மென்மை, ஆனால் சுமையோடு நீண்ட ஏற்றத்தில் எண்ணெய் சூடாகும், கணினி சக்தியைக் குறைக்கும். உலர் தட்டு டூயல் கிளட்ச் (எண்ணெயில் நனையாத இரண்டு கிளட்ச் கொண்ட ஆட்டோமேட்டிக்) வேண்டாம். ஊர்ந்து போகும் போக்குவரத்து நெரிசலும் ஊர்ந்து ஏறும் மலைப்பாதையும் அதற்கு ஒரே தண்டனை, இரண்டுமே உங்களிடம் இருக்கின்றன.

டீசல் வாங்கும் முன் உங்கள் அலுவலக தூரத்தை எண்ணிப் பாருங்கள். தினமும் சில கிலோமீட்டர் மட்டும் ஓடும் டீசல் வண்டியின் புகை வடிகட்டி போதிய சூடு ஏறாமல் கரியால் அடைபடும். அவ்வப்போது இருபது முப்பது நிமிடம் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓட்ட வழியில்லாதவர்களுக்குப் பெட்ரோலே நல்லது.

டயர்: செலவுக்கு அதிகப் பலன் இங்கே

பெரிய ரிம் அழகாக இருக்கும், கல்லில் உடையும். 225/55 ஆர்18 டயரின் பக்கச்சுவர் 124 மி.மீ. அதே வண்டியில் 225/60 ஆர்17 போட்டால் பக்கச்சுவர் 135 மி.மீ., மொத்த விட்டம் 705-லிருந்து 702 மி.மீ. மட்டுமே ஆகும். ஸ்பீடோமீட்டர் கிட்டத்தட்ட மாறாது, பள்ளத்தில் ரிம் அடிபடுவது குறையும், காற்றைக் குறைத்து ஓட்டவும் இடம் கிடைக்கும். சிறிய ரிம் பிரேக் காலிப்பரில் உரசாதா என்று மாட்டிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். சுமைக் குறியீட்டு எண் கம்பெனி டயரைவிடக் குறையக் கூடாது.

ஆல் டெரெய்ன் டயர் அவசியம் என்று எல்லோருக்கும் சொல்ல மாட்டோம். எடை கூடும், எரிபொருள் கூடும், சத்தம் கூடும், ஈரத் தார்ச்சாலையில் பிரேக் தூரமும் பெரும்பாலும் கூடும். பாதையில் கூர்மையான கல் இருந்தால் போடுங்கள். வெறும் மண் என்றால் நல்ல சாலை டயரே ஓடும்.

காற்றழுத்தம் டயர் வகையைவிட முக்கியம். 32 பி.எஸ்.ஐ. ஓடும் வண்டிக்குச் சரளையில் 25 அளவுக்குக் குறைத்தால் பிடிப்பும் சொகுசும் கூடும். மணலில் 16 முதல் 18. அதற்கும் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழலலாம். குறைத்த காற்றோடு வேகம் கூடாது, தார்ச்சாலைக்கு வந்ததும் ஏற்றிவிட வேண்டும். இதற்கு பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் 12 வோல்ட் கம்ப்ரசர் வாங்குங்கள்.

ஸ்டெப்னி முழு அளவுடையதாக இருக்க வேண்டும். பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் கிட் எதற்கும் உதவாது. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் சிறிய ஸ்டெப்னி மாட்டி நீண்ட தூரம் ஓட்டினால், சக்கரங்களின் சுற்றளவு வேறுபட்டு அந்தத் தட்டு கிளட்ச் தேயும். இதே காரணத்தால் நான்கு டயரையும் ஒன்றாக மாற்றுங்கள், முன் பின் இடமாற்றத்தையும் தள்ளிப்போடாதீர்கள்.

தினசரி ஓட்டம்

மூன்று கதவு ஜிம்னியில் பின் இருக்கையை நிமிர்த்தினால் சாமானுக்கு இடம் 85 லிட்டர்தான். இரண்டு பைகள் அடங்குவதே சிரமம். ஏணி வடிவ சட்டமும் உறுதியான ஆக்சிலும் பாறையில் பலம், நெடுஞ்சாலையில் அலைச்சல். மோனோகாக் (உடலும் சட்டமும் ஒன்றான) கட்டமைப்பும் தனித்தனி சஸ்பென்ஷனும் உள்ள வண்டி அங்கே அமைதியாக இருக்கும். கண்ணாடிகளோடு சேர்த்து அகலத்தை அளந்து உங்கள் நிறுத்துமிடத்தோடு ஒப்பிடுங்கள். பாதுகாப்புச் சோதனை முடிவையும் பாருங்கள். 2018-ல் யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய அமைப்பின் மோதல் சோதனையில் ஜிம்னி மூன்று நட்சத்திரம்தான் பெற்றது.

டெஸ்ட் டிரைவில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். பின்னால் முறுமுறுப்போ இழுப்போ வந்தால் கிளட்ச் அல்லது டிஃபரன்ஷியல் எண்ணெய் கெட்டிருக்கலாம். பழைய வண்டி என்றால் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் உறை கிழிசல், கன்ட்ரோல் ஆர்மில் நசுங்கல், பால் நிறமான டிஃபரன்ஷியல் எண்ணெய், தரைவிரிப்புக்கு அடியில் உலர்ந்த சேறு. கடைசி இரண்டும் இருந்தால் வண்டி ஆழமான தண்ணீரில் நின்றிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

வாங்கியபின் செலவின் வரிசை: டயர், சம்ப் கார்டு, கம்ப்ரசர், இழுவைப் பட்டை. இழுப்பதற்கான திருகு வளையம் கருவிப்பெட்டியில் இருக்கிறதா, பின்பக்கமும் அதற்குத் துளை உண்டா என்று வண்டியை எடுக்கும் அன்றே பாருங்கள். வண்டியைத் தூக்கும் கிட்டைக் கடைசியாக வையுங்கள். தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியை 30 மி.மீ.க்கு மேல் உயர்த்தினால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகள் கோணலாகி விரைவில் தேயும். உயர்த்திய பின் வீல் அலைன்மென்ட் செய்யாவிட்டால், புதிதாகப் போட்ட டயரின் ஓரம் சீக்கிரமே தேய்ந்துபோகும்.