ஆபரேஷனுக்குப் பிறகு பெரியவர்களின் நினைவு தடுமாறினால்

அப்பாவுக்கு ஏபி ரத்த குரூப், ஆபரேஷனுக்கு அப்புறம் மறதி வந்துவிடுமா என்று பயப்படாதீர்கள். 2014-இல் ஓர் அமெரிக்க ஆய்வு ஏபி வகையினருக்கு நினைவுக் குறைபாடு வரும் வாய்ப்பு கூடுதல் என்றது உண்மைதான், ஆனால் அது ஆபரேஷனைப் பற்றியது அல்ல, ரத்த வகையை மாற்றவும் முடியாது. சரி, நம் கையில் இருப்பதைப் பார்ப்போம்.

மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கப் போகும்போது சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும், முக்கியமாகத் தூக்க மாத்திரையையும் சளிக்குக் கடையில் வாங்கியதையும், அட்டையோடு பையில் போட்டு எடுத்துப் போங்கள். குடிப்பழக்கத்தையும் ஏற்கெனவே இருக்கும் மறதியையும் மறைக்கவே வேண்டாம்.

வார்டுக்கு வந்ததும் கண்ணாடி, காது மெஷின், பல்செட்டைத் திருப்பிக் கொடுங்கள். கண்ணாடி இல்லாதவருக்கு எதிரே நிற்கும் நர்ஸ் வெறும் வெள்ளை நிழல்தான்.

நடுராத்திரியில் எழுந்து "பஸ் வந்துடுச்சா?" என்று கேட்டு ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்தால் அதட்டாதீர்கள், அது பிடிவாதம் அல்ல, டெலிரியம் என்னும் திடீர் மனக்குழப்பம், கையைப் பிடித்து "அப்பா, நான்தான், ஆஸ்பத்திரியில இருக்கோம், இன்னைக்கு செவ்வாய்க்கிழமை" என்று மெதுவாகச் சொல்லுங்கள், உடனே நர்ஸையும் கூப்பிடுங்கள், ஏனென்றால் வலி, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், தொற்று என எதுவும் காரணமாக இருக்கலாம். பேசாமல் சுருண்டு தூங்கிக்கொண்டே இருந்தாலும் டெலிரியமாக இருக்கலாம், பலர் கோட்டை விடுவது இதைத்தான்.

பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், டாக்டர் அனுமதித்தால் நடக்க வையுங்கள். வீடு திரும்பிச் சில வாரங்கள் ஆகியும் மாத்திரை வேளையோ சில்லறைக் கணக்கோ குழம்பினால் டாக்டரிடம் காட்டுங்கள்.