எராஸ்மஸ் முண்டுஸ் விண்ணப்பம்: இனிஷியல் உள்ளவர்களுக்கும் சேர்த்து ஒரு வழிகாட்டி

முழுச் செலவையும் ஏற்கும் வெளிநாட்டு உதவித்தொகை என்று தேடினால் ஏகப்பட்ட பெயர்கள் வரும். இங்கே எழுதப்போவது எனக்குக் கிடைத்த ஒன்றைப் பற்றி மட்டும்: முதுநிலைப் படிப்புக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2004 முதல் நடத்திவரும் எராஸ்மஸ் முண்டுஸ். பிரிட்டன் அரசின் செவ்னிங் உதவித்தொகைக்கு 2 ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள், அமெரிக்காவில் முதுநிலை படிப்பதற்கான ஃபுல்பிரைட்-நேருவுக்கு 3 ஆண்டு. இதில் பெரும்பாலான படிப்புகளுக்கு இளநிலைப் பட்டம் போதும். மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். கல்விக் கட்டணமும் காப்பீடும் நம் தலையில் விழாது. விமான டிக்கெட், விசா, வாடகை, சாப்பாடு எல்லாம் அந்த 1,400க்குள்தான்.

படி 1: படிப்பைத் தேர்ந்தெடுப்பது

எராஸ்மஸ் முண்டுஸுக்கு என்று ஒரே பொது விண்ணப்பம் கிடையாது. சில பல்கலைக்கழகங்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரு முதுநிலைப் படிப்பை நடத்தும். ஒவ்வொன்றுக்கும் தனி இணையதளம், தனிப் படிவம், தனிக் கடைசித் தேதி. எல்லாவற்றின் பட்டியலும் ‘எராஸ்மஸ் முண்டுஸ் கேட்டலாக்’ என்று தேடினால் கிடைக்கும். உதாரணத்துக்கு, நிலத்தடி நீர் பற்றிய கிரவுண்ட்வாட்ச் என்ற படிப்பு லிஸ்பன், டெல்ஃப்ட், ட்ரெஸ்டன் என மூன்று ஊர்ப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கியது.

செப்டம்பரிலேயே ஒரு கூகுள் ஷீட் போட்டுவிடுங்கள். படிப்பின் பெயர், கடைசித் தேதி, எத்தனை பரிந்துரைக் கடிதம், ஆங்கிலத் தேர்வில் எவ்வளவு மதிப்பெண், இந்த நான்கு பத்தி போதும். நோஷன், ட்ரெல்லோ என்று அலங்காரம் செய்துகொண்டிருந்தால் அதிலேயே நேரம் போய்விடும்.

பெரும்பாலான கடைசித் தேதிகள் அக்டோபர் முதல் ஜனவரிக்குள் வரும். இரவு 23:59 என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் மத்திய ஐரோப்பிய நேரம். குளிர்காலத்தில் நமக்கு மறுநாள் விடிகாலை 4:29. அந்த நாலரை மணி நேரத்தை நம்பி யாரும் உட்கார வேண்டாம். கடைசி இரவில் தளம் நகரவே நகராது.

படி 2: பெயர்

யூடியூப் வழிகாட்டிகள் யாரும் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் அவர்களுக்கெல்லாம் குடும்பப் பெயர் இருக்கிறது. நமக்கு இருப்பது இனிஷியல். நான் அதிக நாள் மாட்டிக்கொண்டு நின்றது இந்தக் கட்டத்தில்தான்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ‘எஸ். கவிதா’. பட்டச் சான்றிதழில் ‘கவிதா எஸ்’. பாஸ்போர்ட்டில் இனிஷியலை ஏற்கமாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். அதனால் அங்கே ‘கவிதா செல்வம்’. அதிலும் சிலருக்கு இரண்டு சொல்லும் ‘கிவன் நேம்’ வரியிலேயே இருக்கும், ‘சர்நேம்’ வரி காலியாக இருக்கும். விண்ணப்பத் தளத்திலோ சர்நேம் கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம், நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. நான் புள்ளி வைத்துப் பார்த்தேன், கோடு போட்டுப் பார்த்தேன், எதையும் ஏற்கவில்லை.

தீர்வு இப்படி:

பாஸ்போர்ட்தான் மூலம். மற்றதெல்லாம் அதை ஒட்டியே போக வேண்டும். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் பதிவு செய்யும்போதும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே. அங்கே இனிஷியல் போட்டால் மூன்றாவதாக ஒரு பெயர் முளைக்கும்.

சர்நேம் வரி காலியாக இருந்தால், ஊகித்து நிரப்பாதீர்கள். அந்தப் படிப்பின் ஒருங்கிணைப்பாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள்: ‘எங்கள் ஊரில் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, இது என் தந்தையின் பெயர், பாஸ்போர்ட்டில் இப்படி இருக்கிறது, எந்தக் கட்டத்தில் எதை எழுதட்டும்?’ ஓர் இடத்தில் அப்பா பெயரைப் போடச் சொன்னார்கள். இன்னோர் இடத்தில் என் பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதச் சொன்னார்கள். அந்தப் பதிலை பிடிஎஃப்பாகச் சேமித்து வையுங்கள், விசா சமயத்தில் கேள்வி வந்தால் கையில் இருக்கட்டும்.

சான்றிதழ்களுக்கு ஒரு நோட்டரி உறுதிமொழிப் பத்திரம். ‘எஸ். கவிதா, கவிதா எஸ், கவிதா செல்வம் மூவரும் ஒருவரே’ என்று ஆங்கிலத்தில் ஒரே பக்கம். கோர்ட் வாசலில் டைப் அடிப்பவர்களுக்கு இது தினப்படி வேலை. ஆனால் எழுத்துக்கூட்டலை நீங்களே எழுதிக் கொடுங்கள், ‘செல்வம்’ என்பதை ஆங்கிலத்தில் நாலு விதமாக அடிப்பார்கள். இதை மதிப்பெண் பட்டியல் கோப்பின் முதல் பக்கமாக வைத்து இணைத்துவிடுங்கள். தனிக் கோப்பாகப் போட்டால் கண்ணில் படாமல் போகலாம்.

பாஸ்போர்ட்டையே மாற்றி சர்நேமைப் பிரித்துக்கொள்வது நல்ல யோசனைதான், ஆனால் நவம்பரில் அதை ஆரம்பிக்க வேண்டாம்.

படி 3: ஆவணங்கள்

டிரான்ஸ்கிரிப்ட் (எல்லா செமஸ்டர் மதிப்பெண்ணும் சேர்ந்த பட்டியல்), பட்டம் அல்லது தற்காலிகச் சான்றிதழ், பாஸ்போர்ட், ஆங்கிலத் தேர்வு. சிஜிபிஏவை நீங்களாக சதவீதமாக்காதீர்கள். உள்ளபடி எழுதி, மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் உள்ள தர விளக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். செல்போன் செயலியைவிட ஜெராக்ஸ் கடை ஸ்கேனர் மேல், மூலைகள் கோணாது. ‘படித்தது ஆங்கில வழி’ என்ற கல்லூரிக் கடிதத்தைச் சில படிப்புகள் ஏற்கும், பல ஏற்காது. சிவியை யூரோபாஸ் (ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது சிவி வடிவம்) வடிவில் கேட்டால் மட்டும் அதில் செய்யுங்கள். எனக்கு அந்த வடிவம் பிடிக்கவில்லை, இடத்தை விழுங்குகிறது.

சான்றிதழ் வெளிநாட்டில் செல்ல அரசு போடும் அப்போஸ்டில் முத்திரைக்கு இப்போதே ஓடாதீர்கள். விண்ணப்பிக்கும்போது ஸ்கேன் போதும் என்பதே வழக்கம். தேர்வான பிறகு கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

படி 4: பரிந்துரைக் கடிதம்

பேராசிரியர் பெயரையும் மின்னஞ்சலையும் போட்டால், தளமே அவருக்கு இணைப்பு அனுப்பும். நவம்பர், டிசம்பரில் அவர்கள் செமஸ்டர் தேர்வு, விடைத்தாள் திருத்தல் என்று இருப்பார்கள். அக்டோபரிலேயே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். ‘நீயே எழுதிக் கொண்டு வாம்மா’ என்பார்கள். கடிதத்தை எழுதிக் கொடுக்காமல், அவர் பாடத்தில் நீங்கள் செய்த புராஜெக்ட், எடுத்த மதிப்பெண், அவர் பாராட்டியது என்று ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். அப்போதுதான் இரண்டு பேராசிரியர் கடிதமும் ஒரே நடையில் வராமல் இருக்கும்.

படி 5: நோக்கக் கடிதம்

‘சிறு வயது முதலே’ என்று தொடங்கினால் அடித்துவிடுங்கள். நீங்கள் நீர்வளம் படிக்கப்போகிறீர்கள் என்றால், 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அங்கே தொடங்கலாம். அடுத்த பத்தியிலேயே அதிலிருந்து நீங்கள் படிக்க நினைக்கும் கேள்விக்கு வந்துவிட வேண்டும். எந்த ஊரில் எந்தப் பாடம் அந்தக் கேள்விக்கு உதவும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். நாலு படிப்புக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால் வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

கன்சல்டன்சிக்குப் பணம் கட்ட வேண்டாம். மேலே சொன்ன எதையும் அவர்கள் உங்களைவிட நன்றாகச் செய்யமாட்டார்கள்.

பின்சேர்க்கை (பின்னூட்டங்களுக்குப் பிறகு)

கடைசி வருடம் படிப்பவர்கள் பலர் கேட்டிருந்தீர்கள்: போடலாம். படிப்பு தொடங்கும் முன் பட்டம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அரியர் இருந்தால் ஏப்ரலில் முடித்துவிடுங்கள்.

இன்னொருவருக்குப் பரிந்துரைக் கடிதம் தரும் சாருக்கு ஜிமெயில் மட்டும்தான் இருந்ததாம், தளம் ஏற்கவில்லை. கல்லூரிப் பெயரில் முகவரி உள்ள துறைத் தலைவரைக் கேளுங்கள், அல்லது ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள்.

நிராகரிப்பு போக, முடிவு மூன்று விதமாக வரும்: உதவித்தொகையுடன் இடம், காத்திருப்போர் பட்டியல், சொந்தச் செலவில் இடம். மூன்றாவதைப் பார்த்து ஸ்வீட் வாங்கிவிட்ட ஒருவர் எழுதியிருந்தார். கடிதத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். காத்திருப்போர் பட்டியல் உண்மையிலேயே நகரும், ஒரே ஆள் இரண்டு மூன்று இடத்தில் ஜெயித்து ஒன்றைத்தானே எடுக்க முடியும். ஆனால் ஒரு படிப்பின் மொத்த உதவித்தொகைகளில் ஒரே நாட்டவருக்கு 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற விதி உண்டு (சில பகுதிகளுக்கான கூடுதல் நிதி இதில் சேராது). அதனால் இந்தியர்களுக்கு அது மெதுவாகவே நகரும்.

முதல் மாதப் பணம் அங்கே போய் வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் வரும். டிக்கெட், அறை முன்பணம், முதல் மாதச் சாப்பாடு மூன்றுக்கும் வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள்.